நடைமேடையின் மஞ்சள் கற்கள்: பார்வையற்ற பயணிகளின் பாதுகாப்பு வரலாறு

தொடர்வண்டி நிலைய நடைமேடைகளின் விளிம்பை ஒட்டி, மஞ்சள் நிறத்தில் சிறு குமிழ்களோடு நீளமாகப் பதிக்கப்பட்டிருக்கும் கற்கள் பார்வையற்ற பயணிகளுக்கான எச்சரிக்கைக் கற்கள் ஆகும். காலாலும் வெண்கோலாலும் தொட்டு உணரக்கூடிய இக்கற்கள் ஜப்பானில் 1960களில் உருவாயின. ஜப்பானியர் இவற்றை 'டென்ஜி புளோக்கு' என்பர். பிரெய்ல் எழுத்தின் புள்ளிகளைப் போன்ற புடைப்புகள் இருப்பதால் 'பிரெய்ல் கல்' என்னும் பொருளில் இப்பெயர் அமைந்தது. இன்று சென்னை உட்பட உலகின் பல நகரங்களில் இவற்றைக் காணலாம். ஒரு தனிமனிதரின் முயற்சியாகத் தொடங்கிய இக்கற்கள் சட்டத்தின் கட்டாயமாக மாற முப்பது ஆண்டுகளுக்கும் மேல் ஆயின. அந்த இடைக்காலத்தில் பல உயிர்கள் போயின.

கைப்பிடிச் சுவர் இல்லாத பாலம்

நடைமேடை என்பது ஒரு பக்கமோ இரு பக்கமோ திடீரென முடிந்துவிடும் மேடை. ஜப்பானின் மின்தொடர்வண்டி நிலையங்களில் அது தண்டவாளத்திலிருந்து ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரத்தில் அமைந்திருக்கும். பார்வையுள்ளவர்கள் விளிம்பைக் கண்டு விலகி நிற்பர். பார்வையற்றவர் வெண்கோலை முன்னால் தட்டியும், காலடி ஓசையையும் அறிவிப்புகளையும் கேட்டும் தம் இடத்தைக் கணித்துக்கொள்ள வேண்டும். எதிர்ப்பக்கத்துக்கு வரும் வண்டியின் ஓசையைத் தம் பக்கத்து வண்டி என எண்ணி அடியெடுத்து வைத்தாலே போதும், விழுந்துவிடுவார். கூட்டத்தில் ஒருமுறை திரும்ப நேர்ந்தாலும் திசை தவறிவிடும்.

இதனால் ஜப்பானின் பார்வையற்றோர் நடைமேடையைக் 'கைப்பிடிச் சுவர் இல்லாத பாலம்' என்று குறிப்பிடுவது வழக்கம். இது மிகையான பேச்சு அல்ல. அந்நாட்டுப் பார்வையற்றோர் கூட்டமைப்பு 2011ஆம் ஆண்டில் நடத்திய கணக்கெடுப்பில், பதிலளித்தவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோர் தாம் நடைமேடையிலிருந்து விழுந்திருப்பதாகக் கூறினர். கற்கள் நாடெங்கும் பரவிய பிறகு கிடைத்த விடை இது.

ஒகயாமாவில் தொடக்கம்

இக்கற்களை உருவாக்கியவர் செயிச்சி மியாகே (1926–1982). ஜப்பானின் ஒகயாமா மாவட்டத்தைச் சேர்ந்த இவர் பொறியாளரோ அரசு அலுவலரோ அல்லர். விடுதி நடத்தி வந்தவர். சாலையைக் கடக்க முயன்ற ஒரு பார்வையற்றவர் வாகனத்தில் அடிபடும் நிலைக்கு வந்ததைக் கண்டதும், பார்வையற்ற நண்பரான ஹிதேயுகி இவாஹாஷியுடன் ஏற்பட்ட பழக்கமும் இவரை இம்முயற்சியில் ஈடுபடுத்தின. காலணி அணிந்த காலும் தரையின் வேறுபாட்டை உணரும் என்பதே இவரது கண்டுபிடிப்பின் அடிப்படை. 1965ஆம் ஆண்டளவில் தம் சொந்தப் பணத்தைச் செலவிட்டு, மேற்புறத்தில் குமிழ்கள் கொண்ட சிமென்ட் கற்களை வடிவமைத்தார்.

1967 மார்ச் 18 அன்று, ஒகயாமா பார்வையற்றோர் பள்ளிக்கு அருகிலுள்ள ஒரு சாலைச் சந்திப்பில் 230 கற்கள் பதிக்கப்பட்டன. உலகில் இத்தகைய கற்கள் பதிக்கப்பட்ட முதல் இடம் இதுவே. அந்த நாள் ஜப்பானில் 'பிரெய்ல் கல் நாள்' என நினைவுகூரப்படுகிறது. ஆயினும் தொடக்கத்தில் இக்கற்களை வாங்க முன்வந்தோர் மிகச் சிலரே. மியாகே தம் செலவிலேயே கற்களைப் பல ஊர்களுக்கு அன்பளிப்பாக வழங்கிப் பரப்ப முயன்றார்.

சாலையிலிருந்து நடைமேடைக்கு

சாலைக்கென உருவான கல் தொடர்வண்டி நிலையத்துக்குள் நுழைந்தது 1970ஆம் ஆண்டில். ஒசாகா நகரில், ஜப்பான் தேசிய இரயில்வேயின் ஹன்வா வழித்தடத்திலுள்ள அபிக்கோச்சோ நிலையத்தில் இக்கற்கள் பதிக்கப்பட்டன. ஒசாகா மாவட்டப் பார்வையற்றோர் பள்ளியின் மாணவர்கள் பயன்படுத்திய நிலையம் அது. ஒகயாமாவிலும் ஒசாகாவிலும் முதல் கற்கள் ஒரு பள்ளியை ஒட்டியே பதிக்கப்பட்டன என்பது நோக்கத்தக்கது. நாள்தோறும் அவ்வழியே சென்றுவரும் மாணவர்களின் தேவை கண்முன்னே தெரிந்த இடங்களில்தான் முதல் மாற்றம் நிகழ்ந்தது.

ஆனால் அடுத்த நிலையத்துக்கும் அதற்கடுத்த நிலையத்துக்கும் கற்கள் தாமாகச் செல்லவில்லை. பதிக்க வேண்டும் என்ற சட்டமோ, அளவு குறித்த பொது விதியோ அப்போது இல்லை. எந்த நிலையத்தில் பதிப்பது என்பது நிருவாகத்தின் விருப்பமாகவே இருந்தது.

இரண்டு விபத்துகள், இரண்டு வழக்குகள்

டோக்கியோவின் தகதனோபாபா பகுதியில் ஜப்பான் பிரெய்ல் நூலகம் உள்ளது. 1940ஆம் ஆண்டில் கசுவோ ஹொன்மா நிறுவிய நூலகத்தின் வழிவந்தது இது. பார்வையற்றோர் பெருமளவில் வந்துசெல்லும் வட்டாரம் என்பதால், 1970களின் தொடக்கத்தில் இப்பகுதிச் சாலைகளில் மஞ்சள் கற்கள் பதிக்கப்பட்டன. ஆனால் அவர்கள் வந்திறங்கும் நிலையத்தின் நடைமேடையில் அவை இல்லை. 1973 பிப்ரவரியில், யாமனோதே வழித்தடத்தின் நடைமேடையிலிருந்து பார்வையற்ற ஒருவர் விழுந்து, வந்த வண்டியில் சிக்கி உயிரிழந்தார். அவருக்கு வயது 42.

அதே ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில், ஒசாகா வட்டப்பாதையின் புகுஷிமா நிலையத்தில் மற்றொரு பார்வையற்றவர் விழுந்து இரு கால்களையும் இழந்தார். இரு நிகழ்வுகளும் நீதிமன்றத்துக்குச் சென்றன. இரண்டிலும் எழுந்த கேள்வி ஒன்றே: விழுந்தது பயணியின் கவனக்குறைவா, மேடையின் குறைபாடா?

அதுவரை இத்தகைய விபத்துகள் பெரும்பாலும் விழுந்தவரின் தவறாகவே கருதப்பட்டன. வழக்குத் தொடுத்தோர் இப்பார்வையை மறுத்தனர். கட்டணம் செலுத்திப் பயணம் செய்பவர்களுள் பார்வையற்றோரும் உள்ளனர். எனவே அவர்களுக்கும் பாதுகாப்பாக இல்லாத மேடை குறையுள்ள மேடையே என்பது அவர்களின் வாதம். தகதனோபாபா வழக்கில் டோக்கியோ மாவட்ட நீதிமன்றம் 1979 மார்ச்சில் இறந்தவரின் பெற்றோருக்குச் சார்பாகத் தீர்ப்பளித்து, இழப்பீடு வழங்க இரயில்வேக்கு ஆணையிட்டது. இரயில்வே மேல்முறையீடு செய்தது. பின்னர் இருதரப்பும் உடன்பாட்டுக்கு வந்தன.

ஒசாகா வழக்கு வேறு திசையில் சென்றது. உயர் நீதிமன்றம் இரயில்வேயின் பொறுப்பை ஏற்றுத் தீர்ப்பளித்தபோதும், 1986 மார்ச் 25 அன்று ஜப்பானின் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கி, வழக்கை மறுவிசாரணைக்கு அனுப்பியது. புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்ட ஒரு பாதுகாப்புச் சாதனம் இல்லாததை மட்டும் கொண்டு நடைமேடை குறையுடையது என முடிவுசெய்ய இயலாது என்று அது கூறியது. விபத்து நடந்த காலத்தில் அச்சாதனம் தரப்படுத்தப்பட்டுப் பரவலாகப் பயன்பாட்டில் இருந்ததா, அந்த நிலையத்தைப் பார்வையற்றோர் எந்த அளவு பயன்படுத்தினர், ஆபத்து எந்த அளவு முன்கூட்டியே அறியத்தக்கது, சாதனத்தை அமைப்பதில் என்ன இடர்ப்பாடு இருந்தது என்பனவற்றையெல்லாம் சேர்த்தே எடைபோட வேண்டும் என்றது.

இத்தீர்ப்பு பாதிக்கப்பட்டவருக்குப் பின்னடைவு. ஆயினும் அதில் மற்றொரு பொருளும் பொதிந்திருந்தது. கற்கள் தரப்படுத்தப்பட்டுப் பரவலாகிவிட்டால், அவை இல்லாத நடைமேடை குறையுடையது எனக் கூறும் வாய்ப்பு வலுப்பெறும். ஆகவே தரப்படுத்துதல் வெறும் அளவுகோல் பற்றிய செய்தியாக இல்லாமல் உரிமை பற்றிய செய்தியாகவும் ஆயிற்று.

கற்களின் பொருள்

தொடக்க ஆண்டுகளில் ஊருக்கு ஊர் கற்களின் வடிவம் வேறுபட்டது. ஓரூரில் 'நில்' எனப் பொருள்படும் கல் மற்றோரூரில் 'இவ்வழியே செல்' எனப் பொருள்பட்டால் அது உதவிக்கு மாறாக ஆபத்தாகும். 1985ஆம் ஆண்டில் ஜப்பானின் கட்டுமான அமைச்சகம் சாலைகளுக்கான வழிகாட்டுதலை வெளியிட்டது. 2001ஆம் ஆண்டில் ஜப்பானியத் தொழில்தரம் இக்கற்களின் வடிவத்தையும் அளவையும் வரையறுத்தது. அவற்றுள் இரு வகை முதன்மையானவை.

கோட்டுக் கல்: இணையான நீண்ட புடைப்புகள் கொண்டது. அவை செல்லும் திசையில் நடக்கலாம் என்பது பொருள்.

குமிழ்க் கல்: வரிசையான வட்டக் குமிழ்கள் கொண்டது. நிற்க, கவனிக்க என்பது பொருள். படிக்கட்டின் தொடக்கம், பாதை பிரியும் இடம், நடைமேடை விளிம்பு ஆகியவற்றில் இது பதிக்கப்படும்.

கற்கள் பொதுவாக 30 சென்டிமீட்டர் சதுரமானவை. குமிழின் உயரம் 5 மில்லிமீட்டர். இதைவிடத் தாழ்ந்தால் காலுக்குத் தெரியாது. உயர்ந்தால் முதியோர் தடுக்கி விழுவர், சக்கர நாற்காலியும் குலுங்கும். மஞ்சள் நிறம் தேர்ந்தெடுக்கப்பட்டதற்கும் காரணம் உண்டு. பார்வையற்றோராகக் கருதப்படுவோரில் பலருக்கு ஓரளவு பார்வை உண்டு. சாம்பல் நிறத் தரையில் மஞ்சள் பட்டை அவர்களுக்குப் புலப்படும்.

நடைமேடையில் இவை விளிம்பிலேயே பதிக்கப்படுவதில்லை. ஜப்பானில் விளிம்பிலிருந்து குறைந்தது 80 சென்டிமீட்டர் உள்ளே தள்ளிப் பதிக்கின்றனர். காலில் குமிழ் பட்டதும் நின்றுவிட இடைவெளி வேண்டுமல்லவா?

இருபுறமும் தண்டவாளம் உள்ள நடைமேடையில் ஒரு சிக்கல் நீடித்தது. குமிழ்க் கல்லை மிதித்தவருக்கு விளிம்பு அருகில் இருப்பது தெரியும். ஆனால் அது எந்தப் பக்கம் என்பது தெரியாது. பாதுகாப்பான பக்கம் எனக் கருதி ஆபத்தான பக்கம் அடியெடுத்து வைத்தவர்கள் உண்டு. இதற்குத் தீர்வாக, குமிழ் வரிசையின் உட்புறத்தில் ஒற்றைக் கோட்டுப் புடைப்பு சேர்க்கப்பட்டது. கோடு உள்ள பக்கம் மேடையின் உட்பக்கம், கோடு இல்லாத பக்கம் தண்டவாளம். 2000ஆம் ஆண்டுக்குப் பின் பரவிய இந்தச் சிறு கோடு, முதல் கல் பதிக்கப்பட்டு முப்பது ஆண்டுகளுக்கும் மேலான பட்டறிவின் விளைவாகும்.

2012ஆம் ஆண்டில் பன்னாட்டுத் தர நிறுவனம் ஐஎஸ்ஓ 23599 என்னும் தரத்தை வெளியிட்டது. கோடும் குமிழும் என்ற இரு அடிப்படை வடிவங்களும் அதன்வழி உலகப் பொதுவாயின.

சக்கர நாற்காலிப் பயணிகள்

பார்வையற்றோருக்கு விளிம்பு ஆபத்து என்றால், சக்கர நாற்காலியில் செல்வோருக்குப் படிக்கட்டும், நடைமேடைக்கும் வண்டிக்கும் இடையிலுள்ள வெளியும் தடைகள். ஜப்பானில் நடைமேடை உயரம் ஒரே சீராக அமையவில்லை. நீராவி வண்டிக் காலத்து மேடைகள் தண்டவாளத்துக்கு மேல் 760 மில்லிமீட்டர் உயரமும், பின்வந்தவை 920 மில்லிமீட்டரும், நகர மின்வண்டிகளுக்கான மேடைகள் 1,100 மில்லிமீட்டரும் கொண்டிருந்தன.

1977 ஏப்ரலில் கவாசாகி நகரில், 'ஆவோய் ஷிபா' என்னும் பெருமூளை வாதம் உடையோர் சங்கத்தைச் சேர்ந்தவர்கள் சக்கர நாற்காலியுடன் பேருந்துகளில் ஏறிப் போராடினர். துணையாள் இல்லையெனில் ஏற்ற மாட்டோம் என்ற நடைமுறையை எதிர்த்த போராட்டம் அது. பொதுப் போக்குவரத்து எவருடைய இரக்கத்தாலும் தரப்படுவதன்று, அனைவருக்கும் உரியது என்ற கருத்தை அது நாடெங்கும் பேசவைத்தது. நிலையங்களில் மின்தூக்கி வேண்டும் என்ற இயக்கமும் இதையொட்டி வளர்ந்தது.

2019ஆம் ஆண்டில் ஜப்பானியப் போக்குவரத்து அமைச்சகம், சக்கர நாற்காலிப் பயணி பிறர் உதவியின்றி ஏறுவதற்கு உயர வேறுபாடு 3 சென்டிமீட்டரும் இடைவெளி 7 சென்டிமீட்டரும் என்ற இலக்கை வகுத்தது. நிலையப் பணியாளர் பலகையைக் கொண்டுவந்து வைக்கும்வரை காத்திருக்கும் பயணிக்கு, இந்தச் சில சென்டிமீட்டர்கள் சார்ந்திருத்தலுக்கும் தற்சார்புக்கும் இடையிலான தொலைவு ஆகும்.

சட்டத்தின் வருகை

தேசிய இரயில்வே 1987 ஏப்ரலில் பல நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டது. 2000ஆம் ஆண்டில் ஜப்பான் நாடாளுமன்றம் போக்குவரத்துத் தடைநீக்கச் சட்டத்தை நிறைவேற்றியது. நாளொன்றுக்கு 5,000 பேருக்கு மேல் பயன்படுத்தும் நிலையங்களை 2010ஆம் ஆண்டுக்குள் அனைவரும் அணுகத்தக்கவையாக மாற்றுவது இலக்கு. புதிதாகக் கட்டும் நிலையங்களுக்கு இத்தரங்கள் கட்டாயம். 2006ஆம் ஆண்டில் கட்டடங்களுக்கான சட்டமும் இதனுடன் ஒன்றாக்கப்பட்டது. பின்னர் நாளொன்றுக்கு 3,000 பேர் பயன்படுத்தும் நிலையங்களுக்கும் இலக்கு விரிவுபடுத்தப்பட்டது.

2001 ஜனவரி 26 அன்று ஷின்-ஓகுபோ நிலையத்தில் நடந்த விபத்து நடைமேடைப் பாதுகாப்பைப் பொதுமக்கள் அனைவரின் கவலையாக்கியது. தகதனோபாபாவுக்கு அடுத்த நிலையமே அது. மது அருந்தியிருந்த ஒருவர் தண்டவாளத்தில் விழ, அவரைக் காப்பாற்றக் குதித்த இருவரும் அவருடன் உயிரிழந்தனர். இதன்பின் அவசர நிறுத்தப் பொத்தான்கள், விழுவதை உணரும் கருவிகள், மேடைக்கு அடியில் ஒதுங்கும் இடம் ஆகியன வலியுறுத்தப்பட்டன. விளிம்பு எவருக்கும் ஆபத்தானது என்பதைப் பார்வையற்றோர் நெடுங்காலமாகவே கூறிவந்தனர்.

நடைமேடைக் கதவுகள்

2016 ஆகஸ்ட் 15 அன்று டோக்கியோ சுரங்கப்பாதையின் ஆயோமா-இட்ச்சோமே நிலையத்தில், வழிகாட்டி நாயுடன் சென்ற பார்வையற்றவர் ஒருவர் தண்டவாளத்தில் விழுந்து இறந்தார். அந்த மேடையில் மஞ்சள் கற்கள் இருந்தன. ஆனால் மேடை குறுகலானது, தூண்கள் கற்களின் வரிசையை ஒட்டியே நின்றன. கல் எச்சரிக்கும், தடுக்காது என்பதை இவ்விபத்து காட்டியது. அதன்பின் இரயில் நிறுவனங்கள், பார்வையற்றவரைக் கண்டால் பேச்சுக் கொடுத்து உதவும்படி பணியாளரையும் பயணிகளையும் கேட்டுக்கொண்டன.

விழாமல் தடுப்பது நடைமேடைக் கதவு. 1961ஆம் ஆண்டில் லெனின்கிராடு சுரங்கப்பாதையின் 'பார்க் போபேதி' நிலையம் கதவுகளுடன் திறக்கப்பட்டது. 1987ஆம் ஆண்டில் சிங்கப்பூர் தன் சுரங்க நிலையங்களில் முழு உயரக் கதவுகளை அமைத்தது. குளிரூட்டிய காற்று வெளியேறாமல் காப்பது அதன் முதன்மை நோக்கம். ஜப்பானில் 1981ஆம் ஆண்டில் கோபே நகரின் ஓட்டுநரில்லா வண்டித் தடத்திலும், 1991ஆம் ஆண்டில் டோக்கியோவின் நம்போகு சுரங்கத் தடத்திலும் கதவுகள் அமைந்தன.

பழைய தடங்களில் இது எளிதன்று. கதவின் எடையைத் தாங்கப் பழைய மேடையை வலுப்படுத்த வேண்டும். வண்டி துல்லியமாகக் குறித்த இடத்தில் நிற்க வேண்டும். ஒரே தடத்தில் கதவு எண்ணிக்கை வேறுபட்ட பல நிறுவனங்களின் வண்டிகள் ஓடினால் சிக்கல் மேலும் பெருகும். டோக்கியோவின் அசாகுசா தடத்தில் வண்டிக் கதவுகளின்மேல் கியூஆர் குறியீட்டுத் தாள்களை ஒட்டி, மேடையிலுள்ள ஒளிப்படக் கருவி அவற்றைப் படித்துக் கதவைத் திறந்து மூடும் முறை கையாளப்பட்டது. இதனால் வண்டிகளில் பெருஞ்செலவில் கருவி பொருத்தும் தேவை நீங்கியது.

செலவை யார் ஏற்பது என்ற கேள்விக்கும் ஜப்பான் ஒரு விடை கண்டது. கிழக்கு ஜப்பான் இரயில்வே உள்ளிட்ட நிறுவனங்கள் 2023 மார்ச் 18 முதல் டோக்கியோ பகுதிப் பயணச்சீட்டுக் கட்டணத்துடன் 10 யென் சேர்த்து வாங்கி, அதனை மின்தூக்கிகளுக்கும் நடைமேடைக் கதவுகளுக்கும் செலவிடத் தொடங்கின. முதல் கல் பதிக்கப்பட்டு அன்றோடு 56 ஆண்டுகள் நிறைந்திருந்தன.

இந்தியாவில்

இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016ஆம் ஆண்டில் நிறைவேறி, 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. போக்குவரத்தை அணுகும் உரிமையை அது தனிப்பிரிவாகக் கூறுகிறது. அதற்குமுன் 2015 டிசம்பர் 3 அன்று அணுகத்தக்க இந்தியா இயக்கம் தொடங்கப்பட்டது.

சென்னை மெட்ரோ 2015 ஜூனில் கோயம்பேடு–ஆலந்தூர் இடையே ஓடத் தொடங்கியது. அதன் நிலையங்களில் மஞ்சள் கற்களும் மின்தூக்கிகளும் உள்ளன. 2017 மே மாதம் முதல் திறக்கப்பட்ட சுரங்க நிலையங்களில் நடைமேடைக் கதவுகளும் உள்ளன. புதிதாகக் கட்டும்போதே திட்டமிட்டதால் மேடையும் வண்டியின் தரையும் ஏறத்தாழ ஒரே மட்டத்தில் அமைந்தன. இந்திய இரயில்வேயின் உயர்மட்ட நடைமேடைகள் தண்டவாளத்துக்கு மேல் 760 முதல் 840 மில்லிமீட்டர் உயரமுடையவை. பெட்டியின் தரை அதைவிட உயரமானது. எனவே விரைவு வண்டியில் ஏறப் படிகள் தேவைப்படுகின்றன. சக்கர நாற்காலிப் பயணியைப் பிறர் தூக்கி ஏற்றும் காட்சி இன்றும் மறையவில்லை.

பார்வைக் குறைபாடுடைய ராஜீவ் ரதூரி தொடுத்த வழக்கில், இந்திய உச்ச நீதிமன்றம் 2017 டிசம்பரில் பொது இடங்களை அணுகத்தக்கவையாக்க விரிவான ஆணைகளைப் பிறப்பித்தது. அவ்வழக்கின் தொடர்ச்சியாக 2024 நவம்பர் 8 அன்று வழங்கிய தீர்ப்பில், அணுகல் தரங்கள் வெறும் பரிந்துரைகளாக இருப்பது சட்டத்தின் நோக்கத்துக்கு மாறானது எனக் கூறி, கட்டாய விதிகளை வகுக்க அரசுக்கு மூன்று மாதக் கெடு விதித்தது.

மதிப்பீடு

1986ஆம் ஆண்டு ஜப்பானிய நீதிமன்றம், கற்கள் பரவலாகிவிட்டனவா என்று கேட்டது. 2024ஆம் ஆண்டு இந்திய நீதிமன்றம், தரங்கள் கட்டாயமாக்கப்பட்டனவா என்று கேட்டது. இரண்டும் ஒரே பாதையின் இரு நிலைகள். கருவி கண்டுபிடிக்கப்பட்டாலும், அது விருப்பத்துக்கு விடப்படும்வரை சில இடங்களில் இருக்கும், சில இடங்களில் இராது. இல்லாத இடத்தில்தான் விபத்து நிகழும்.

இன்னொரு கடமை பொதுமக்களுடையது. மஞ்சள் கற்களின்மேல் பெட்டிகளை அடுக்குவதும், வண்டிக்குக் காத்து நிற்பதும், கடை பரப்புவதும் எங்கும் காணும் வழக்கங்கள். பார்வையுள்ளவருக்கு அது தரையின் ஓர் அலங்காரமாகத் தோன்றலாம். வெண்கோலுடன் வருபவருக்கு அந்த மேடையில் உள்ள ஒரே கைப்பிடிச் சுவர் அதுதான்.